தா தகிட, தா தகிட: ஓசூர் சாலையில் ரவேல்

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் விடியும் முன்பே ஓசூர் வண்டிக்குக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கழுத்தில் கம்பெனி அட்டை, முதுகில் பை, கையில் டிபன் கேரியர். பாதிப் பேர் பெண்கள். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "ஓசூர் ஓசூர் ஓசூர், சூளகிரி நிக்கும், ஓசூர் ஓசூர்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு அதையே, அதே சுருதியில், மறுபடி சொல்கிறார். கூட்டம் கூடக் கூட அந்தக் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. வார்த்தை மாறுவதில்லை, வேகம் மாறுவதில்லை.

ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். மோரீஸ் ரவேல் எழுதிய 'பொலேரோ' கால் மணி நேரத்துப் படைப்பு. ஓசூர் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை கேட்டுவிடலாம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவரைக் கேட்பதற்கு ஓசூருக்கு ஏன் போக வேண்டும்? ரவேல் இயந்திரங்களை நேசித்த மனிதர். தொழிற்சாலை ஓசையில் இசை இருக்கிறது என்று சும்மா பேச்சுக்குச் சொன்னவர் அல்ல. அதைக் கேட்டு, மனத்தில் வைத்திருந்து, எழுதியும் காட்டியவர். கடிகாரம், லாரி, ஓயாமல் ஓடும் உற்பத்தி வரிசை: அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிற இந்த மூன்றும் அடுத்தடுத்த தெருக்களில் கிடைக்கிற ஊர் தமிழ்நாட்டில் ஓசூர்தான்.

வண்டி கிளம்பியதும் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். காவேரிப்பட்டணம் பக்கம். சிப்காட்டில் வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறார், பதினாறு வருஷமாக. என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்து, ஒரு காதுக்கு இயர்போனை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். "எப்ப சார் பாட்டு ஆரம்பிக்கும்?" என்றார்.

நியாயமான கேள்வி. ரவேலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். தான் எழுதியதில் ஒரே தலைசிறந்த படைப்பு 'பொலேரோ', அதில்தான் இசை என்று ஒன்றும் இல்லை என்று சக இசையமைப்பாளர் ஆனெகெரிடம் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படைப்பின் அடித்தளம் ஒரு சிறு பக்கவாத்தியப் பறை. ஐரோப்பிய ராணுவ அணிவகுப்புகளில் இடுப்பில் கட்டி இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அந்தச் 'ஸ்நேர்' மேளம். அது வாசிப்பதை நம் சொற்கட்டில் எழுதினால் இப்படி வரும்: தா தகிட தா தகிட தா தா, தா தகிட தா தகிட தகிட தகிட. அவ்வளவுதான். முதல் பாதியில் பத்து அடி, இரண்டாம் பாதியில் பதினாலு அடி, மொத்தம் இருபத்துநாலு. இந்த வட்டம் 169 முறை வருகிறது. பெருக்கிப் பார்த்தால் நாலாயிரத்துக்கும் மேல். மிருதங்கக்காரர் ஒருவர் தனியாவர்த்தனத்தில் இதைச் செய்தால் சபையில் எழுந்து போய்விடுவார்கள். கோர்வை எங்கே, முத்தாய்ப்பு எங்கே என்று கேட்பார்கள். ரவேல் மேளக்காரருக்கு அந்த உரிமை எதையும் தரவில்லை. கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஆரம்பிக்க வேண்டும். ஒரே வேகத்தில், ஒரு சொல்லும் மாறாமல், காது அடைக்கும் அளவுக்குப் போய் முடிக்க வேண்டும்.

மேலே ஓடுகிற மெட்டு இரண்டே இரண்டு. முதலாவது நம் காதுக்குச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நடக்கிறது. இரண்டாவதில் ஸ்வரங்கள் கோமளமாகிக் கொஞ்சம் புழுக்கம் ஏறுகிறது. முதலில் புல்லாங்குழல் தனியாக வாசிக்கும். அதையே கிளாரினெட் வாங்கும். பிறகு பஸூன், ஓபோ, டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் என்று கைமாறிக் கைமாறிப் போகும். மெட்டு வளர்வதில்லை, சங்கதி கூடுவதில்லை. வாசிக்கிற ஆள்தான் மாறுகிறார், கூடுகிறார். ஒரு பொருள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்து, ஒவ்வொரு மேசையிலும் ஒரு திருகு, ஒரு மூடி, ஒரு பூச்சு சேர்ந்து கடைசியில் முழு உருவமாக வெளியே வருகிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புரிந்துவிடும்.

இது வெறும் உவமை அல்ல. 1928இல் நாட்டியக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைன் கேட்டு ரவேல் இதை எழுதினார். ஆல்பெனிஸ் என்ற ஸ்பானிய இசையமைப்பாளரின் பியானோ படைப்புகளை வாத்தியக் குழுவுக்கு மாற்றித் தருவதாகத்தான் முதலில் பேச்சு. உரிமை வேறொருவரிடம் இருந்ததால் அது நடக்கவில்லை. சொந்தமாகவே ஒன்று எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று பாரிஸ் ஒப்பேராவில் அரங்கேறியபோது மேடையில் இருந்தது ஸ்பானிய மதுக்கடை. மேசை மேல் ஒருத்தி ஆடினாள். ரவேல் மனத்தில் இருந்த இடம் வேறு: தொழிற்சாலை. பாரிஸுக்கு வெளியே லெ வெசினெ என்ற ஊர் வழியாகத் தம்பி எதுவாருடன் போகும்போதெல்லாம் ஒரு ஆலையைக் காட்டி அதுதான் பொலேரோவின் ஆலை என்பாராம். அவர் விரும்பியபடி ஆலைப் பின்னணியில் பாரிஸ் ஒப்பேரா அதை மேடையேற்றியது 1941இல். அப்போது அவர் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர் ஒற்றைக் காதோடு பொலேரோவை முழுசாகவே கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து, அதுவரை சலிக்காமல் நின்ற ஆதார சுருதி திடீரென்று இடம் மாறி, பிறகு எல்லாமே சரிந்து விழும் இடம் உண்டு. அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "எங்க பிரஸ்ஸும் இப்படித்தான் சார். நாள் முழுக்க ஒரே சத்தம். ஆனா டை மழுங்க ஆரம்பிச்சா முதல்ல காதுக்குத்தான் தெரியும். அப்புறம்தான் பீஸ்ல பிசிறு வரும்." கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனை அடிக்கு முன்னால் காதுக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, "அது கணக்கு இல்ல சார். தெரியும்" என்றார்.

சூளகிரி மலைப்பாறைகள் இடது வலதாக எழும் இடத்தில் எதிர்த்தடத்தில் அந்த வண்டிகள் வந்தன. இந்தச் சாலையில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். கேபின் இல்லை, கதவு இல்லை, முன் கண்ணாடி இல்லை. நீண்ட இரும்புச் சட்டகம், நாலு புறமும் சக்கரம், திறந்தவெளியில் ஒரு இருக்கை, அதில் முகத்தைத் துண்டால் சுற்றிக் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு ஓட்டுநர். லாரி ஆலையிலிருந்து கூண்டு கட்டும் பட்டறைக்குப் போகிற சேஸிஸ். அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980இல் வந்தது. அதே ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும் தெருவுக்கு வந்தது. காற்றும் மழையும் முகத்தில் அறைய, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இப்படியே ஓட்டிப் போகிற அந்த ஆட்களைப் பார்க்கும்போது ரவேலின் 1916 நினைவுக்கு வராமல் இருக்காது.

முதல் உலகப் போர் தொடங்கியபோது ரவேலுக்கு வயது 39. பிரான்சின் முன்னணி இசையமைப்பாளர் என்று பெயர் வாங்கிவிட்டார். உயரமும் எடையும் போதாது என்று ராணுவம் திருப்பி அனுப்பியது. விமானம் ஓட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. விடாமல் அலைந்து, 1915 மார்ச்சில் பீரங்கிப் படைப் பிரிவில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வெர்டன் போர்முனைப் பக்கம். இரவில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, தளவாடம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தன் லாரிக்கு அடெலாயிட் என்று பெயர் வைத்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் 'ஓட்டுநர் ரவேல்' என்று கையெழுத்திட்டார்.

உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். 1917 ஜனவரியில் அம்மா இறந்தார். அந்த ஆண்டு முடித்த 'கூப்பெரனின் கல்லறை' என்ற பியானோ தொகுப்பில் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் போரில் மாண்ட நண்பர்களுக்குச் சமர்ப்பணம். துக்கப் பாட்டு மாதிரி ஒன்றுகூட இல்லை. பழைய பிரெஞ்சு இசை வடிவங்கள், தெளிவான, துல்லியமான, ஒளி பட்ட கண்ணாடி போன்ற இசை. ஓலமிட்டால்தான் துயரம் என்று நினைப்பவர்களுக்கு ரவேல் கடைசி வரை பிடிபடமாட்டார்.

பேரண்டப்பள்ளி தாண்டியதும் காற்றில் குளிர் தெரிகிறது. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. பெயரே கன்னடம்: ஹொச ஊரு, புது ஊர். பழைய கல்வெட்டுகளில் செவிடபாடி. பஸ்ஸுக்குள் தமிழ் பேசி ஏறியவர்கள் இங்கே தெலுங்கில் செல்போன் பேசுகிறார்கள், கன்னடத்தில் இடம் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, கம்பெனியில் ஒரு மொழி என்று இருப்பது இங்கே யாருக்கும் அதிசயமில்லை.

ரவேலும் எல்லைக்காரர்தான். 1875 மார்ச் 7 அன்று அவர் பிறந்த சிபூர், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரெஞ்சு மீன்பிடி ஊர். பாஸ்க் மக்களின் நிலம். அம்மா மரி பாஸ்க் இனத்தவர், மாட்ரிட்டில் வளர்ந்தவர். அப்பா ஜோசப், ஜெனீவா ஏரிக்கரையில் வெர்சுவா என்ற ஊரில் பிறந்த பொறியாளர். ரயில் பாதை வேலையாக ஸ்பெயின் போனவர் அங்கே மரியைச் சந்தித்தார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆனாலும் அம்மா பாடிய ஸ்பானிய, பாஸ்க் பாட்டுகள் மகனுக்குள் தங்கிவிட்டன. 'ஸ்பானிய ராப்சோடி', 'ஸ்பானிய நேரம்', 'பொலேரோ' என்று அவர் ஆயுள் முழுவதும் ஸ்பெயின் வந்துகொண்டே இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அம்மா தந்தது பாட்டு என்றால் அப்பா தந்தது இயந்திரம். ஜோசப் ரவேல் மோட்டார் வாகனம் பிறக்கும் காலத்தில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். 'மரணச் சுழல்' என்று சர்க்கஸில் கார் தலைகீழாகச் சுழலும் ஒரு கருவியும் செய்தார். 1903இல் ஒரு விபத்தில் ஒருவரின் உயிர் போனதோடு அது நின்றது. புது இயந்திரங்களைக் காட்ட இரண்டு மகன்களையும் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப்போவார். இளையவர் எதுவார் அப்பா வழியில் பொறியாளரானார். மூத்தவரும் அந்த வழியை விட்டுவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு ஷேர் ஆட்டோ. சிப்காட் வளாகம் அங்கேதான். தமிழ்நாடு அரசு 1970களில் இந்த வறண்ட மேட்டு நிலத்தில் தொழிற்பேட்டை போட்டபோது பெங்களூரின் அருகாமைதான் பெரிய ஈர்ப்பு. இன்று பெரிய கம்பெனிகளின் மதில்கள், அவற்றுக்கு இடையில் தகரக் கூரை போட்ட நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஓசை. ஒன்றில் கனமாக, இடைவெளி விட்டு விழும் பிரஸ். அடுத்ததில் சி.என்.சி. லேத்தின் இழுத்துப் பிடித்த சீறல். எதிரே காற்றழுத்தக் குழாய் ஒவ்வொரு முறையும் 'புஸ்' என்று மூச்சு விடுகிறது. நடுவில் டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள். நின்று கேட்டால் முதலில் இரைச்சல். கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிகிறது. பிறகு எதற்கு எது தாளம் என்று காது தானாகக் கோக்க ஆரம்பிக்கிறது.

1905 ஜூலையில் ரவேலுக்கு இதுவே நடந்தது. அந்த ஆண்டு அவர் வாழ்க்கையின் பெரிய அவமானம். பிரான்சின் உயரிய இசைப் பரிசான ரோம் பரிசுக்கு ஐந்தாவது முறையாகப் போட்டியிட்டார். முதல் சுற்றிலேயே வெளியேற்றிவிட்டார்கள். 'நீர் விளையாட்டு' என்ற பியானோ படைப்பும் நால்வர் தந்தி இசையும் எழுதி ஏற்கெனவே பேர் வாங்கிய ஆளை இப்படிச் செய்ததில் பத்திரிகைகள் கொதித்தன. கடைசிச் சுற்றுக்குப் போனவர்கள் அனைவரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள் என்று தெரிந்ததும் கொதிப்பு கூடியது. பாரிஸ் இசைக் கல்லூரித் தலைவர் பதவி விலக, ரவேலின் ஆசிரியர் ஃபோரே அந்த இடத்துக்கு வந்தார். இந்தக் கலவரத்துக்கு நடுவே நண்பர்கள் சிலர் ரவேலைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு ஹாலந்து, ஜெர்மனி என்று ஆறுகள் வழியே போனார்கள். ரைன் நதிக்கரையில் பெரும் உருக்காலைகளைப் பார்த்தார். பார்த்த மயக்கம் தீராமல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார்: கோட்டை போலவும் கோயில் போலவும் கனன்று நிற்கும் உலைகள், பட்டைகளின் ஓட்டம், சீழ்க்கை, சம்மட்டி அடி, இவை எல்லாம் சேர்ந்த பேரிசை; இதைப் பயன்படுத்தாமல் விடமாட்டேன் என்று. அந்த எண்ணம் 'பொலேரோ'வாகப் பழுக்க இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. ரவேல் ஆலைக்கு வெளியே நின்று கேட்டவர். எட்டு மணி நேரம் உள்ளே நின்றவர் அல்ல. டீக்கடையில் நின்ற ஒரு பெரியவரிடம் இரண்டு முறை கேட்டால்தான் பதில் வந்தது. முப்பது வருஷ ஃபோர்ஜிங் வேலை காதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. அப்போதெல்லாம் காதுக்கு அடைப்பு யாரும் தரவில்லை, கொடுத்தாலும் போடமாட்டோம், இயந்திரம் பேசுவது கேட்காதே என்றார். ரவேல் கேட்ட அழகும் உண்மை, இவர் கொடுத்த விலையும் உண்மை. ஆலையில் இசை இருக்கிறது என்று எழுதுகிற எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சிப்காட்டின் உள்ளே டைட்டன் கடிகார ஆலை. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பெயரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் சேர்ந்திருக்கின்றன. இந்தியா முழுக்கச் சாவி கொடுக்கும் கடிகாரம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் குவார்ட்ஸ் கடிகாரத்தில் இறங்கினார்கள். அதன் உள் இயக்கத்துக்கான தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். பிரான்சிலிருந்து. பிரான்ஸ் எபோஷ் என்ற நிறுவனம், சுவிட்சர்லாந்து எல்லையோரம் பிரான்சின் கடிகாரத் தலைநகரான பெசான்சோன் பக்கத்தது. எல்லை ஊர் ஒன்றின் கைவேலை இன்னொரு எல்லை ஊருக்கு வந்து சேர்ந்தது. 2002இல் டைட்டன் வெளியிட்ட 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தக் கனமே மூன்றரை மில்லிமீட்டர். உள்ளே இயங்கும் பொறி 1.15 மில்லிமீட்டர். அதை வடிவமைத்துச் செய்தது இந்த ஊர்.

டைட்டன் என்றதும் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் ஒரு இசை காதில் ஓடும். தூர்தர்ஷன் காலத்து விளம்பரம். அது மோட்ஸார்ட் 1773இல், பதினேழு வயதில் எழுதிய 25ஆம் சிம்பொனியின் தொடக்கம். மேற்கத்திய சாஸ்திரிய இசை என்று ஒன்று இருப்பதே தெரியாத லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அந்த மெட்டு ஓசூர் கடிகாரத்தோடு நுழைந்தது. மோட்ஸார்ட் ஆஸ்திரியர். இருக்கட்டும். ரவேல் உயிராகப் போற்றிய இசையமைப்பாளர் அவர்.

ரவேலைச் 'சுவிஸ் கடிகாரக் கலைஞர்களில் மிகத் துல்லியமானவர்' என்ற பொருளில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி சொன்ன சொல் பிரபலம். பாராட்டும் குத்தலும் கலந்தது என்பார்கள். ஆனால் ரவேலுக்கு அது குத்தலாகப் பட்டிருக்காது. 1911இல் அரங்கேறிய 'ஸ்பானிய நேரம்' ஒப்பேராவின் கதை நடப்பதே டொலேடோ நகரத்துக் கடிகாரக் கடையில். திரை எழும்போது வாத்தியக் குழுவுக்குள் மூன்று மெட்ரோனோம்கள் மூன்று வெவ்வேறு வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கும். ஒன்றோடு ஒன்று சேராது. மேலே தந்திகள் சோம்பலாக நகரும். கடை முழுக்க உயிர் உள்ளவை போலக் கடிகாரங்கள். 1925இல் வந்த 'குழந்தையும் மாயங்களும்' ஒப்பேராவில் குறும்புக்காரப் பையன் ஒருவன் பெரிய கடிகாரத்தின் ஊசலைப் பிடுங்கிவிடுகிறான். நிறுத்தத் தெரியாமல் மணி அடித்துக்கொண்டே அந்தக் கடிகாரம் புலம்பிப் பாடும். சிரிப்பாகத் தொடங்கி, கேட்கக் கேட்க நெஞ்சு கனக்கும். பாரிஸுக்கு மேற்கே மோன்ஃபோர் லாமோரியில் 1921இல் ரவேல் வாங்கிய வீடு சாவி கொடுத்தால் ஆடும் பொம்மைகளால் நிறைந்தது. கையடக்க இயந்திரக் குருவி ஒன்று உண்டு. விருந்தாளி வந்தால் அதைப் பாடவைத்துக் காட்டுவார்.

மதியம் மூக்கண்டப்பள்ளி மெஸ் ஒன்றில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். அந்த வெயிலில், சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்பதற்காக வைத்திருந்தது ரவேலின் இசை அல்ல. 1905இல் ரைன் கரையிலிருந்து அவர் எழுதிய கடிதம் யாருக்குப் போயிற்றோ, அவருடையது. பெயர் மோரீஸ் டெலாஜ். 1879இல் பாரிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ரவேலின் மாணவர், மிக நெருங்கிய தோழர். 'அப்பாஷ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ரவேலின் நண்பர் கூட்டம் கூடியது டெலாஜின் வீட்டில்தான்.

டெலாஜ் 1911 கடைசியில் பெற்றோருடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பார்த்த ஊர்களின் பெயரிலேயே நான்கு பாடல்கள் எழுதினார்: மதராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர். 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற அந்தத் தொகுப்பு 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் அரங்கேறியது. அதே மாலை, அதே மேடையில், கவிஞர் மல்லார்மேயின் வரிகளுக்கு ரவேல் எழுதிய பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும். 'லாகூர்' பாடலில் செல்லோ வில்லைத் தொடாமல் விரலால் மீட்டி, தந்தியில் வழுக்கி நகரும். வீணையின் கமகத்தைக் கேட்டவர்களுக்கு அது எதைத் தேடுகிறது என்று உடனே தெரியும். பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டு, சொல் இல்லாமல், ஆலாபனை போல நீட்டுவார்.

டெலாஜின் காதைத் திறந்த குரல்களில் ஒன்று தமிழ்க் குரல். கோயம்புத்தூர் தாயி. பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர். 1872இல் தேவதாசி மரபில் பிறந்து, சென்னைக்கு வந்து புகழ்பெற்று, 1917இல் மறைந்தார். கிராமபோன் தமிழகத்துக்கு வந்த முதல் ஆண்டுகளிலேயே தட்டுகள் கொடுத்தவர்களில் ஒருவர். மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தின் உயிரைக் காட்டிவிட வேண்டிய அந்தப் புது இயந்திரத்தின் முன்னால் சற்றும் தடுமாறாமல் பாடியவர். அவர் பாடிய வள்ளலாரின் அருட்பா இசைத்தட்டை டெலாஜ் அடி பிசகாமல் பின்தொடர்ந்து, பியானோ துணையோடு ஒரு பாடலாக எழுதி அச்சிட்டார். தலைப்பு 'ராகமாலிகா'. சொற்கள் தமிழ். பியானோவில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தின் தந்திக்கு அட்டைத் துண்டு ஒன்றைச் செருக வேண்டும் என்று அந்தப் பிரதியில் குறிப்பு இருக்கிறது. நம் வாத்தியத்தின் மங்கிய ஒலி வர வேண்டும் என்பதற்காக. பியானோவின் உள்ளே பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் உத்தியை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940இல் பெரிதாக்கினார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பாட்டுக்காக ஒரு பிரெஞ்சுக்காரர் பியானோவுக்குள் அட்டை வைத்தார்.

தாயியின் பழைய தட்டுகளை இன்று கைபேசியிலேயே கேட்கலாம். தேய்ந்த தட்டின் உரசல் முதலில் வரும், குரல் பிறகு. கூர்மையான, பொய் இல்லாத, நேராக ஸ்வரத்தில் போய் நிற்கிற குரல். மதில் தாண்டி பிரஸ் விழுந்துகொண்டிருந்தது. உரசலுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே அந்தக் குரல் தனியாகத் தெரிந்தது. பாரிஸின் நவீன இசை உருவாகிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு காலத்தில் இது ஒலித்தது என்பதை நம் இசை வரலாறு எழுதியவர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ரவேலின் கடைசி ஆண்டுகளைப் பற்றிப் பேசுவது வருத்தம். 1932இல் பாரிஸில் டாக்ஸி விபத்து. அதற்கு முன்பே மறதி தொடங்கியிருந்தது. பிறகு பேச்சும் எழுத்தும் கையை விட்டுப் போயின. இசை மட்டும் தலைக்குள் இருந்தது, தாளில் இறக்க முடியவில்லை. 1937 டிசம்பரில் மூளையில் அறுவை செய்தார்கள். டிசம்பர் 28 அன்று இறந்தார். 'பொலேரோ'வின் மாறாத சுழற்சியே அந்த நோயின் முதல் அடையாளம் என்று மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஏற்க முடியாத வாதம். 'பொலேரோ'வுக்குப் பிறகுதான் அவர் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களை எழுதினார். ஒன்று போரில் வலது கையை இழந்த ஒரு பியானோ கலைஞருக்காக, இடது கைக்கு மட்டும். மற்றொன்று சாட்டை சொடுக்கும் ஓசையோடு ஆரம்பித்துத் துள்ளிக்கொண்டு ஓடும். இவ்வளவு வகை காட்டிய கை, திரும்பச் சொல்வதைத் தெரிந்தேதான் சொன்னது. 1930இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினி பாரிஸில் 'பொலேரோ'வை வேகமாக நடத்தியபோது ரவேல் அவரிடமே போய் வேகம் அதிகம் என்று கண்டித்தார். நோயில் சுழல்கிறவருக்கு வேகத்தில் அவ்வளவு கறார் எதற்கு?

மாலையில் ஜூஜூவாடி. தமிழ்நாடு இங்கே முடிகிறது; எதிரே அத்திப்பள்ளி. ஷிஃப்ட் விட்டிருந்தது. கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. சீருடை நீலம், சாம்பல், வெளிர் பச்சை. நாள் முழுக்க நின்ற கால்களோடு பெண்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். ஒருத்தி டிபன் டப்பா மூடியில் விரலால் தட்டிக்கொண்டே போனாள். என்ன தாளம் என்று பிடிப்பதற்குள் லாரி ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து வந்த கிருஷ்ணகிரி வண்டி பாதி காலியாக நின்றது. காலையில் பார்த்தவர் அல்ல, வேறு கண்டக்டர். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். "கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரி, ஏறு ஏறு" என்றார். ஆள் வரவில்லை. "கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரி, ஹத்தி ஹத்தி" என்று கன்னடத்துக்குப் போனார். இரண்டு பேர் ஏறினார்கள். "கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரி, எக்கண்டி எக்கண்டி." மெட்டு அதேதான். குரல் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஏறியது. டிரைவர் எஞ்சினை முடுக்கினார்.